ஐந்நூற்றிருபது அடி

சனி இரவுகளில் நான்தான் எழுதுவேன்.
ஆர்லன் சொல்லுவான், பூட்ஸைக்கூடக் கழற்றாமல்,
கன்னத்தில் காய்ந்த சேற்றோடு:
பன்னிரண்டடி வரை மேல்மண்.
நூற்றிப்பத்து வரை மணல், சரளை. ஈரமில்லை.
அரசாங்கத்துக்கு அனுப்பும் படிவம் அது.
முப்பத்தொரு வருஷமாய்
மேற்கு கான்ஸஸின் அடிவயிறு முழுக்க
என் கையெழுத்தில் இருக்கிறது.

இந்தக் கோடையில் சபைக் கிணறு வற்றியது.
சமையலறைக் குழாய் இருமி, பழுப்பாய்த் துப்பி,
பிறகு வெறும் காற்று.
ஞானஸ்நானத் தொட்டியின் வெள்ளை ஓடுகளில்
ஒரு வெட்டுக்கிளி உலாத்திக்கொண்டிருந்தது.

பாஸ்டர் கெர்வின் மூன்று புதன்கிழமை உபவாசம் கூட்டினார்.
அவரைப் பரிகசிக்க என்னால் ஆகாது.
என் வயிற்றைக் கிழித்துத் தைத்த வாரம்
ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில்
மூன்று இரவு கண் மூடாமல் இருந்தவர்.
ஆனால் மேடையேறினால் சொல்லுவார்,
பூமிக்கு வயது ஆறாயிரம் என்று.
படிப்பு ஏறினால் முழங்கால் மடங்காது என்று.
ஆமென் என்போம். ஆர்லனும்தான்.
(அவன் முழங்கால் மடங்காமல் போனது துளைக்கும் எந்திரத்தால்.
படித்தது எட்டாவது.)

மகள் டேனா லாரன்சில் பாறைகளைப் படிக்கிறாள்.
அவளுக்காக ஒருநாள் ஜெபித்தார்கள்,
பெயர் சொல்லாமல்,
எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்புகிற அளவுக்கு
பெயர் சொல்லாமல்.
கடைசியாக வந்தபோது அவள் கேட்டாள்:
"அப்பா எங்கேம்மா பொய் சொல்கிறார்?
கிணற்றிலா, பெஞ்சிலா?"
நான் காய்ந்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

மூன்றாம் புதன், ஜெபம் முடிந்து, கார் நிறுத்துமிடத்தில்
ஆர்லன் புழுதியை உதைத்தபடி சொன்னான்:
"மேல் தண்ணீரைச் சோளத்துக்கே உறிஞ்சித் தீர்த்துவிட்டோம்.
இன்னொன்று கீழே இருக்கிறது. கடலுக்கு அடியில்."
"ஜலப்பிரளயத்துக்கு" என்று திருத்தினார் பாஸ்டர்,
அன்பாய்த்தான்.
ஆர்லன் எந்திரத்தைக் கிளப்பினான்.

நூற்றிப்பத்து முதல் முந்நூற்று நாற்பது:
வெண்சுண்ணாம்பு. சிப்பி, சிப்பி, சிப்பி.
ஒரு பல், சுறாவுடையது, கறுப்பு,
இன்னும் விரலைக் கீறுகிற கூர்மை.
அதற்கும் கீழே சாம்பல் களிப்பாறை,
ஈரத் தாள்களை அடுக்கி அழுத்தினதுபோல.
ஞாயிறு பள்ளிப் பையன் ஒருவன் கேட்டான்:
"இவ்வளவும் படிய எத்தனை நாள் ஆச்சு?"
எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தார்கள்.
பாஸ்டர் ஆர்லனைப் பார்த்தார்.
ஆர்லன் சுழலும் கம்பியைப் பார்த்தான்.
"ரொம்ப நேரம்" என்றான்.

ஐந்நூற்றிருபதில் மணற்கல்.
தண்ணீர்.

கைதட்டினார்கள், அழுதார்கள், நானும் அழுதேன்.
காகிதக் கோப்பையில் முதல் வாய்:
லேசாக உப்பு.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"சாட்சி எழுதித் தாருங்கள், சகோதரி" என்றார்.
ஒன்றரைப் பக்கம் எழுதினேன், அடி அடியாக,
அடுக்கு அடுக்காக, பல்லையும் விடாமல்.
வேறு எப்படித் துதிப்பது, எனக்குத் தெரியாது.

ஞாயிறன்று அவர் வாசித்தார்:
வறண்ட நிலத்தில் துளையிட்டோம்,
கர்த்தர் தண்ணீர் தந்தார்.
நடுவில் இருந்த கடல் முழுவதும் காணோம்.

முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக
பெஞ்சிலிருந்து ஆர்லனின் குரல்:
"ஐந்நூற்றிருபது அடி."
அவ்வளவுதான்.
மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
பின்வரிசையில் யாரோ, பழக்கதோஷமோ என்னவோ,
ஆமென் என்றார்கள்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்களன்று படிவத்தின் நகலொன்றை
லாரன்சுக்குத் தபாலில் போட்டேன்.
கடிதம் எதுவும் வைக்கவில்லை.