சாவி கறிக்கடையில்

புதனும் சனியும் மட்டும் பேருந்து வரும் ஊர்.
என் உருகுவே வரைபடத்தில்
மடிப்பு விழுந்து விழுந்து
அதன் பெயர் பாதி தேய்ந்திருந்தது.

அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்தது.
கதவில் ஒரு தாள்: சாவி கறிக்கடையில்.

எவாரிஸ்தோ கத்தியைத் துடைத்துவிட்டு
தராசுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார்.
"வரும்போது லைட்டை அணைச்சிடுங்க,
கரண்ட் பில் என் பேர்ல வருது."

உள்ளே
மாட்டுவண்டி அளவுக்கு ஏதோ பழம்பிராணியின் ஓடு.
அதற்குள் யாரோ காயவைத்த பூசணி விதைகள்.
வருகைப் பதிவேட்டில் எனக்கு முந்தைய ஆள்
போன மார்ச்சில்
மழைக்கு ஒதுங்கியதாக எழுதியிருந்தார்.
நான் தேதியை மட்டும் போட்டேன்.

விளக்கை அணைத்தேன். பூட்டினேன்.
மூன்று மணி வண்டி
எட்டு கிலோமீட்டர் தாண்டியபின்
கைக்குட்டையைத் துழாவினால்
சாவி.

இறங்கித் திரும்பி நடந்தேன்.
கம்பிவேலிக்கு அப்பால் மாடுகள்
தலை தூக்கிப் பார்த்து
மறுபடி மேய்ந்தன.

எதிரே புழுதி. ஒரு பைக்.
ரத்தக் கறை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் எவாரிஸ்தோ.

சாவியை நீட்டினேன்.
"அட, இது உங்ககிட்டயா இருந்துச்சு?"
என்றபடி பின்சீட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.
கறிக்கடையில் நான் மறந்த குடை.

சனிக்கிழமைக்கு
இன்னும் மூன்று நாள் இருந்தது.