ஒரு பேருக்கு இரண்டு பேர்

படம் எடுக்க வந்த அன்று
நோர்வூட்டில் அடைமழை.
வெள்ளைக் கோட்டை அவர்களே கொண்டு வந்தார்கள்,
இஸ்திரிச் சூடு ஆறாமல்.
அதுவரை டிஸ்பென்சரியில்
சேலைக்கு மேல் கம்பளிச் சட்டைதான் எனக்கு.
"கழுத்தில இதையும் மாட்டுங்க மிஸ்ஸி"
என்றான் கம்பனிப் பையன் டிலுக்ஷன்.
குழாய் புதுசு. காதில் வைத்தால்
ஒன்றும் கேட்கவில்லை.
படத்துக்குத்தானே, என்றான்.

பொய் எதுவும் சொல்லவில்லை நான்.
"சத்து உடம்புக்கு நல்லது" என்றேன்.
எந்தச் சத்து, யார் உடம்பு,
அதை யாரும் கேட்கவில்லை.
கையெழுத்துக்கு இருபதாயிரம்.
மகனின் கம்பியூட்டர் கிளாஸ்
ஐந்து மாதம் ஓடும்.

அடுத்த கிழமை
டவுன் பாமசிக் கண்ணாடியில் நான்,
கன்னத்துக் கரும்புள்ளி துடைக்கப்பட்டு.
கீழே: முப்பதாண்டு அனுபவம்.
எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு.

கீழ்ப்பிரிவு அமுதவள்ளிக்கு ஏழு மாதம்.
இமையை இழுத்துப் பார்த்தால்
உள்ளே காகித வெள்ளை.
டின்னை இடுப்பில் அணைத்து வந்தாள்,
பிள்ளையைப் போல.
"மிஸ்ஸி பேரைப் பார்த்துத்தான் வாங்குனேன்."
எவ்வளவு?
"ரெண்டு பேரு மிஸ்ஸி.
திங்கக்கெழம முழுப்பேரு.
செவ்வா கொழுந்து கொறஞ்சு அரப்பேரு.
மிச்சம் கடன்."

இங்கே பேர் என்றால் ஒரு நாள்.
கணக்கப்பிள்ளை எழுதினால் உண்டு,
எழுதாவிட்டால்
சும்மா மலை ஏறி இறங்கியது.
என் ஒரு பேருக்கு
அவள் இரண்டு பேர்.

"நான் குடுத்த குளிசை?"
சிரித்தாள்.
"வாயெல்லாம் இரும்பு நாறுது மிஸ்ஸி.
சும்மா குடுக்கிறதுதானே."
கானில் போயிருக்கும்.
இருபத்தாறு வருசம்
லயம் லயமாய்ப் படியேறி
இந்தக் கையால் கொடுத்தது.

கத்தரிக்கோலை எடுத்தேன்.
டின் லேபிளில் என் முகத்தை
கோட்டு, குழாய் எல்லாம் சேர்த்து வெட்டி
குளிசைப் பைக்கற்றில்
பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன்.
காது கொஞ்சம் கிழிந்தது.
"ராத்திரி ஒன்று. தேத்தண்ணியோட வேணாம்."

படத்தைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
கரும்புள்ளியில் கண் நின்றது.
"இவங்க டொக்டரா மிஸ்ஸி?"

மழை தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.
ஆமா, என்றேன்.

அமுதவள்ளி
அங்கேயே ஒரு கப் தண்ணி கேட்டாள்.