பதினேழாம் வாசல்

பொலோனா,
கட்டணம் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டாய்.
அது படிவத்திலேயே இருக்கிறது, இரண்டு தவணை.
இரண்டாவதை மறந்துவிடுவார்கள் என்று
நானும் ஒரு வருடம் நம்பினேன்.

படிவத்தில் இல்லாததைச் சொல்கிறேன்.
சறுக்குக் கட்டைகளைப் புதிதாக வாங்காதே.
அக்டோபரில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
பழையது விற்பார்கள். ஏழு மணிக்குத் திறப்பார்கள்,
ஆறரைக்கே போய் நில்.
டிங்காராவின் முதல் ஜோடியில்
யாரோ ஒரு பையன் ஒட்டிய டிராகன் இருந்தது.
ஒரு குளிர்காலம் முழுக்க
அதற்குத் தீனி போட்டாள்.

மார்ச்சுக்குள் கால் வளர்ந்துவிடும்.
உன் ஜிகா சொல்லமாட்டான்,
பூட்ஸைக் கழற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
அதைக் கவனி.

பூட்ஸைக் கார் டிக்கியில் வைக்காதே.
இரவு வீட்டுக்குள், காலையில் முன்சீட்டின் காலடியில்,
ஹீட்டருக்கு நேரே.
சூடு அதற்கு, நடுக்கம் உனக்கு.
ஆறு மணிக்கு ஜெசெனிட்சேயைத் தாண்டும்போது
இரும்பாலையில் இரவுப்பணி முடித்து
என் கணவரின் கார் எதிரே வரும்.
விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவோம்.
சனி ஞாயிறுகளில்
எங்கள் இல்லறம் அவ்வளவுதான்.

மெழுகு தேய்க்கத் தனி இஸ்திரிப் பெட்டி வேண்டும்.
வேண்டாம் என்று நினைத்தவளின் வெள்ளைச் சட்டையை
ஒருநாள் காட்டுகிறேன்.

பந்தய நாளில் உனக்கும் வேலை தருவார்கள்,
தப்ப முடியாது. சூப் ஊற்றுகிறேன் என்று முந்திக்கொள்.
அடுப்போரம், வாசனை, ஊர்க்கதை.
என்னைப்போல் வாசல் காவலுக்குத் தலையாட்டாதே.
இல்லை, ஆட்டு.
எனக்கே தெரியவில்லை.

வாசல் என்றால் இரண்டு கம்பம்.
சுவர் கிடையாது, கதவு கிடையாது,
உள்ளே வீடும் கிடையாது,
சரிவெங்கும் வாசல்கள் மட்டும்.
இரு கட்டையின் நுனியும் இரு பாதமும்
ஒவ்வொன்றிலும் புகுந்து போகவேண்டும்.
புகாவிட்டால் அட்டையில் எண்ணை எழுதி
தடம் போன வழியை வரையவேண்டும்.

பிப்ரவரி. மைனஸ் பதினாலு.
பதினாறும் பதினேழும் பதினெட்டும் என் பொறுப்பு.
பேனா உறைந்துபோய்ப் பென்சில்.
முப்பத்தொன்றாம் எண் வந்தபோது
எண்ணைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.
ஹெல்மெட்டுக்குக் கீழே துள்ளிய பின்னல்
காலையில் நான் போட்டது.

பதினாறில் அழகாக வளைந்தாள்.
பதினேழில் கம்பம்
இரு காலுக்கும் நடுவே போனது.
இடது நுனி மட்டும் வெளியே. ஒரு சாண்கூட இல்லை.
என்னைத் தவிர அங்கே
ஊசியிலை மரங்கள்தான் இருந்தன.
கீழே ஒலிபெருக்கி மூன்றாமிடம் என்றது.
மாட்டு மணிகளை ஆட்டினார்கள்.
அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது,
இரண்டு கையையும் தூக்கினாள்.

கையுறையைப் பல்லால் கழற்றினேன்.
முப்பத்தொன்று. பதினேழு.
கம்பங்களுக்கு இரண்டு புள்ளி.
உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு.
பிறந்ததிலிருந்து அவளை நான் வரைந்ததில்லை.
அதுதான் முதல் படம்.

நடுவர் அட்டையை வாங்கி இரண்டுமுறை படித்தார்.
குடும்பப் பெயர் ஒன்றாயிருக்கிறதே என்று
கேட்கவில்லை, நல்ல மனிதர்.

செவ்வாய்வரை என்னோடு பேசவில்லை.
செவ்வாய் இரவு நிலவறையில்
நான் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது
படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள்.
"எந்தக் கால் என்று போட்டாய்?"
"இடது."
கொஞ்சநேரம் யோசித்தாள்.
"சரிதான்."
பிறகு என் தட்டிலிருந்த ரொட்டியையும் எடுத்துத் தின்றாள்.

ஆமாம், முதல் தவணை
நவம்பர் பத்துக்குள்.
படிவத்தின் பின்பக்கமும் கையெழுத்து போடவேண்டும்,
எல்லோரும் மறக்கும் இடம் அது.
ரொட்டி மட்டும்
எப்போதும் ஒன்று கூடுதலாக எடுத்து வா.