சாவிக்கொத்துக்கு ஒரு காலுறை

பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு.
இந்த மணிகளில் டார்ச் அடித்து முகம் எண்ண வேண்டும்.
பதினெட்டுப் பாய், பதினெட்டு முகம், கையெழுத்து.
பதினொரு வருடம் எண்ணினேன்
கிருஷ்ணகிரியில்,
நெடுஞ்சாலைக்குக் கூப்பிடு தூரத்தில்
பையன்களைப் பூட்டி வைக்கும் கட்டடத்தில்.
எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை.
தூங்கினார்களா என்பதற்குப்
பதிவேட்டில் கட்டம் இல்லை.

திம்மராஜ் வந்தது ஆனி மாதம்.
மாங்கூழ் ஆலைகள் விடிய விடிய ஓடி
ஊரே இனித்து நாறும் நாட்கள்.
பதினாறு வயது, லாரி கிளீனர்.
டீசல் திருட்டு என்று தாளில் இருந்தது,
யார் விற்றது என்று தாளில் இல்லை.

சுவரில் முதுகு வைத்து உட்கார்ந்தே தூங்குவான்.
தூக்கம் என்று நான் சொல்வது
தாடை தொங்கிய சில நிமிடங்களை.
வெளியே எவனோ ஏர் பிரேக்கை
உஸ்ஸென்று விட்டதும்
கை தானாகப் பாய்க்கடியில் போகும்,
சக்கரத்துக்கு வைக்கும் கட்டையைத் தேடி.
தொப்பூர் இறக்கத்தில் கண்ணசந்தால்
அறை விழும் என்றான் ஒருமுறை.
அதற்கு மேல் பேசவில்லை.

பகலில் தையல் வகுப்பில்
ஊசியோடு சரிவான்.
குணம் என்ற கட்டத்தில்
‘சோம்பேறி’ என்று யாரோ எழுதியிருந்தார்கள்.
யாரோ இல்லை.
அது என் கையெழுத்து.

ஒரு ராத்திரி இரண்டு மணி எண்ணிக்கை.
வெளிச்சம் முகத்தில் பட்டதும்
இரு கையாலும் தலையை மூடிக்கொண்டு
“முழிச்சுட்டேண்ணே, முழிச்சுட்டேண்ணே” என்றான்.
அப்போதுதான் கேட்டேன்:
மற்ற பதினேழு பாயிலும்
ஒரு மூச்சுகூடத் தூங்குகிறவன் மூச்சாக இல்லை.

வியாழன்தோறும் வரும் ஆலோசகர் ரெஹானாவிடம் சொன்னேன்.
“டியூப் லைட்டை அணைத்துத்தான் பாருங்களேன்.”
எரிய வேண்டும், விதி என்றார் கண்காணிப்பாளர்.
எந்த விதி என்று
மூவரும் ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினோம்.
பீரோவில் எலிப்புழுக்கை கிடைத்தது.

இப்போது நடையில் மட்டும்
ஒரு சின்ன பல்பு.
டார்ச்சின் வாயில் சிவப்புக் காற்றாடித் தாள்.
முகத்தை விட்டுவிட்டுப் பாதங்களை எண்ணுகிறேன்:
முப்பத்தாறு. ஒன்றில் கட்டு.
இன்னொரு காலுறை எங்கே என்று
என் மகள் வீட்டைப் புரட்டுகிறாள்.
அது இங்கே, என் இடுப்பில்,
சாவிகளின் வாயை அடைத்துக்கொண்டு.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.
அஞ்செட்டிப் பையன் இன்னும் அழுகிறான்.
கொசு இருக்கிறது. ஜாமீன் வரவில்லை.

ஆனால் நேற்று
லாரி ஒன்று பெருமூச்சு விட்டபோது
திம்மராஜின் கை கொஞ்சம் நகர்ந்து
பாதி வழியில் நின்றது.
பிறகு சுவரை விட்டு வழுக்கி
உடம்பு பாயிலும் தலை சிமெண்டிலுமாய்
முழுசாகப் படுத்தான்.
கழுத்தைச் சரிசெய்யக் குனிந்தவன்
தொடாமல் திரும்பிவிட்டேன்.
பதிவேட்டின் ஓரத்தில், கட்டமில்லாத இடத்தில்
இரண்டு பத்து முதல் என்று எழுதி
முடிவை எழுதாமல் விட்டேன்.

ஐந்துக்கு மணி அடிக்க வேண்டியவன் நான்தான்.
ஐந்து பத்து ஆகியிருந்தது.
மணியின் நாக்கை
விரல்களுக்குள் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தேன்.