மிளகளவு

ஒரு சுருள் முடியும் இடத்தில்
அடுத்த சுருளைப் பற்றவைக்கிறாள் குட்ரூன்.
தகடு நிற்கக் கூடாது.
நின்றால் உலைக்குள் வெந்து அறுந்துபோகும்,
டோர்ட்முண்ட் முழுக்க எங்களைத் திட்டும்.

எண்ணெய் கழுவி,
ஹைட்ரஜன் சூட்டில் துருவின் நினைப்பையும் உரித்து,
மூக்குக் குழாய் வழியே
காற்றுப் படாமல் இறங்குகிறது
நானூற்று அறுபது பாகைத் துத்தநாகத்துள்.
மூன்று நொடி.
முங்கி எழும்பும்போது வேறு ஆள்.

காற்றுக் கத்திகள் மிச்சத்தைச் சீவும்.
பாலாடை போல மிதக்கும் கசடை
நீளக் கரண்டியால் வழிப்பது என் வேலை.
கையுறைக்குள் விரல் அவியும்;
கதவுக்கு வெளியே மைனஸ் நாலு.

இரண்டேகாலுக்குத் திரையில் ஒரு கறுப்புப் புள்ளி.
மிளகளவு. துத்தநாகம் ஒட்ட மறுத்த இடம்.
"வெட்டு" என்றார் வோல்ஃப்ராம்.
நாற்பது மீட்டர் போனது.

அவ்வளவு சின்ன வெறுமையை
அயலில் நிற்கும் துத்தநாகமே காத்திருக்கும்:
துருவுக்குத் தன்னைத் தின்னக் கொடுத்து,
இரும்பை விட்டுவிடச் சொல்லி.
பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது
யாரோ கொட்டாவி விட்டார்கள்.
நானாகவும் இருக்கலாம்.
கார் கம்பெனிக்குப் புள்ளி கண்ணை உறுத்துமாம்.

காலை ஆறு மணி.
வண்டி நிறுத்துமிடமெங்கும் உப்புத் தூவியிருந்தார்கள்.
என் பழைய ஓப்பலின் கதவடியில்
உள்ளங்கை அகலத்தில் துரு.
சும்மா விரலால் தட்டினேன்.
தட்டியிருக்கக் கூடாது.
ஓட்டை வழியே
உள்ளே கிடந்த என் குடை தெரிந்தது.