கரிக்கணக்கு

புதுத்துறைமுகம். மார்கழி எட்டு.
விடிந்ததிலிருந்து கரி ஏற்றம்.
கூடைக்கு ஒரு கோடு, ஐந்தாவது குறுக்கே.
நான் கோடு போடுகிறவன்.

மூன்று பாய்மரம், ஒரு புகைபோக்கி.
கொடி யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.
அமெரிக்கா என்றான் தோணிக்கார நெய்னா.
அப்படியானால் தெலுக் பிளாங்கா வளைவில்
இதைக் கண்டு பம்மிக் கிடக்கும்
பதினேழு கப்பல்கள்?
அதுவும் அமெரிக்காதான்.
வீட்டின் ஒரு பாதி மறுபாதியைக் கொளுத்துகிறது.

சுருட்டுக்கு நெருப்புக் கேட்டு வந்தான் ஒரு மாலுமி.
எதற்குச் சண்டை என்றேன், என் உடைந்த இங்கிலீஷில்.
சுங்கவரி என்றான்.
அப்புறம், எங்கள் மாகாணத்தின் உரிமை.
என்ன செய்வதற்கான உரிமை?
புகையை விட்டான். கடலைப் பார்த்தான்.

அவனுக்குப் பின்னால் ஒரு பையன்
அதிகாரிகளின் எச்சில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.
பதினாறு இருக்கும். எங்களைவிடக் கறுப்பு.
யாரோ ஒரு பண்ணையாரின் சொத்தாம்;
கப்பலுக்கு இரவல்.
பெயர் சொன்னான். கரி கொட்டும் சத்தத்தில்
என் காதில் ஏறவில்லை.

நெய்னாவை ஆடுபுலியில் வென்றவர் கிடையாது.
கரித்துண்டால் பலகையில் கட்டம் கீறினான்:
வடக்கத்தியான் கை ஆடு.
தெற்கின் துறைகளை ஒவ்வொன்றாய்ச் சுற்றி நிற்கிறது.
பஞ்சு வெளியே வராது, துப்பாக்கி உள்ளே போகாது.
ஆடு கடிக்க வேண்டியதில்லை, நின்றால் போதும்.
தெற்கத்தியான் நினைத்தான்,
பஞ்சில்லாமல் தறி நின்றால்
இங்கிலீஷ்காரன் எனக்காக வருவான் என்று.
வரவில்லை.
அதனால் இந்த ஒற்றைப் புலி, கட்டத்துக்கு வெளியே.
நடுக்கடலில் சரக்குக் கப்பலை அடிக்கும்.
துறையை அடைத்து நிற்பவை
இதைத் துரத்திக் கலையட்டும் என்று.
"அதோ பார்" என்றான்.
வளைவில் நின்ற கப்பலின் பின்புறம்
சாரத்தில் தொங்கிக்கொண்டு ஒரு சீனர்
ஊர்ப்பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
நாளை அது இங்கிலீஷ் கப்பல்.

பஞ்சு என்றதும் உத்தண்டி கூடையை இறக்கினான்.
எட்டயபுரத்துப் பக்கம் அவனுக்கு.
இரண்டு வருஷமாய்க் கம்புக் காடெல்லாம் பருத்தி;
கண்டி விலை மும்மடங்கு.
பண்ணையாருக்கு மச்சுவீடு, கூலிக்குக் கம்பு இல்லை.
அந்தப் பசியில்தான் கங்காணியிடம் ரேகை வைத்தான்.
"இந்தச் சண்டையா அது?" என்றான்,
தெருவில் எதிரியை அடையாளம் கண்டவன் போல.

பிறகு பையனைப் பார்த்துவிட்டு:
"இந்தக் கரையில் அடிமை கிடையாது என்கிறீர்கள்.
பலகை ஆறடி. ஏன் குதிக்கவில்லை?"
"நீ ஏன் ஓடவில்லை?" என்றேன்.
சொன்ன பிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது.

இரண்டும் ஒன்றல்ல. அதையும் எழுதிவைக்கிறேன்.
உத்தண்டியை விற்க முடியாது.
அவன் பிள்ளை அவன் பிள்ளை.
அவன் சீட்டில் முடிவுத் தேதி இருக்கிறது.
அந்தத் தேதியைத் தள்ளிப்போடுவது
இதோ, இந்தக் கோடு போடும் பேனாதான்:
அரிசி, வேட்டி, காய்ச்சலில் படுத்த பதினொரு நாள்.

சாயங்காலம் பையன் வாளியோடு படியிறங்கினான்.
ஒரு பாதம் கரையில்.
நான் கோடு போடவில்லை.
உத்தண்டி கூடையைத் தூக்கவில்லை.
நெய்னா துடுப்பைத் தண்ணீரில் வைத்தபடி நின்றான்.
மேலேயிருந்து கூப்பிட்டார்கள்,
பெயர் சொல்லி அல்ல, ஒரு சீழ்க்கை.
பாதத்தை எடுத்துக்கொண்டான்.

அன்றிரவு உத்தண்டி கணக்கில் வட்டி ஏற்றவில்லை.
மறுநாள் முதலாளி கேட்டார். ஏற்றினேன்.

நாலைந்து நாள் கழித்து நெய்னா வந்தான்.
மலாக்காப் பக்கம் புகையாம்.
எரிந்தது புதுப்பெயர் எழுதிய கப்பலாம்,
வண்ணம்கூடக் காயவில்லையாம்.
அந்தப் புகையில் மரம் எவ்வளவு,
நாங்கள் ஏற்றிய கரி எவ்வளவு,
பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.
புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது:
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கூடை.
ரொக்கம் வரவு.