ஜிர்

பேஸ் டிரம்மை மிதித்தால்
திம்மென்று விழ வேண்டும். விழுகிறது.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு
ஒரு ஜிர்.

குருசுக்குப்பத்தில் கடல் உப்பு
திருகாணியிடமும் வட்டி கேட்கும்.
நட்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டேன்.
லக்குக்குள் சுருண்டிருந்த ஸ்பிரிங்குகளுக்கு
காதுக்கு வைப்பதுபோல் பஞ்சு.
அறுந்த ஹவாய் செருப்பை வெட்டி
சிம்பலுக்கு வாஷர்.
ஸ்னேர் கம்பியைத் தளர்த்திவிட்டு மிதித்தேன்.
ஜிர்.

ஃபெலிசியா கீபோர்டுக்கு உறை மாட்டினாள்:
"நாளைக்குக் கல்யாணத்துல
ஜெனரேட்டர் போடுற சத்தத்துக்கு
உன் ஜிர் யாருக்குடா கேக்கும்?"

எனக்குக் கேட்கும்.

டாம்களை இறக்கினேன்.
ஹை-ஹாட்டை மாடிப்படியில் நிறுத்தினேன்.
வெறும் தரையில் பேஸ் டிரம்மும் நானும்.
மிதித்தேன்.
ஜிர்.
கால் மிதியில் இருக்க, உடம்பை மடக்கி
தரையில் காதை வைத்தேன்.

கீழ்வீட்டில் மரியநேசம் சங்கரா ஆய்ந்துகொண்டிருந்தார்.
சுவர் ஸ்டாண்டில் பன்னிரண்டு எவர்சில்வர் தட்டு.

"இதுவா? நீங்க ரூம் எடுத்த நாள்லேர்ந்து இப்படித்தான்.
இத வச்சுதான் நான் தாளம் எண்றது.
நேத்து மூணாவது பாட்டுல
நாய் தொரத்துன மாதிரி ஓடுனியே, என்னாச்சு?"

தட்டுகளுக்கு நடுவே செருக
மிச்ச ரப்பரை நீட்டினேன்.
அதையும் என்னையும் பார்த்தார்.
"சோத்துத் தட்டுல செருப்பா?"

மேலே வந்து
டாம்களை மறுபடி மாட்டி
மூணாவது பாட்டை எடுத்தேன், நிதானமாக.
நிதானம் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன்.

கீழே ஜிர்.
இன்னும் முந்தித்தான் போகிறேன்.